ரஷ்யாவில் வாங்கிய இறைச்சி மிசின்

"…தொடவே மாட்டார் அண்ணை. முட்டை வைச்ச தட்டையே அந்த மனுசன் கடக்கமாட்டார். அவரோ இறைச்சி அரைக்கிற மிசின் வாங்குவார்? நீங்கள் எழுதின ஆள் வேற ஆள்தானே? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

போன திங்கட்கிழமை மத்தியானம், லா ஷப்பல் மெட்ரோவுக்கு எதிரே உள்ள கஃபேயில் என் முன்னால் உட்கார்ந்து ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டார். தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ போய்க்கொண்டிருந்தது. அது போகும்வரை பதில் சொல்லாமல் இருக்கலாம். போய்விட்டது. அடுத்தது வர நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை எனக்கு லீவு. ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவனுக்கு ஞாயிறு ஏது? திங்கள்தான் ஞாயிறு. வழக்கம்போல, இந்தப் பத்தி வருகிற நம் பத்திரிகையை விற்கிற பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணையை உங்களுக்குத் தெரியும். "பிரான்சிலை வெயிலும் விசா எடுத்துத்தான் தம்பி வருது" என்று சொன்னவர். வாசலிலேயே மறித்தார்.

"உம்மடை ரசிகை ஒராள் சார்செல்லிலையிருந்து வந்து காலமை பத்து மணியிலிருந்து நிக்கிறா. கையெழுத்துக் கேக்கப்போறாபோலை. நல்ல பேனை வைச்சிருக்கிறீரோ?"

சட்டைப்பையில் சீப்பு இருந்தது. தலையை வாரிக்கொண்டு உள்ளே போனேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், பெரிய ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். முப்பது முப்பத்தைந்து வயது. கையில் நான்காக மடித்த நம் பத்திரிகை. மூன்று வாரத்துக்கு முந்தியது.

அந்த வாரம் நான் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் பதினொரு பேர் எண்பத்தைந்தில் 'சுற்றுலாக்காரர்'களாக ரஷ்யா வழியே வந்த கதை. மொஸ்கோவில் இறங்கி, ஊர் பார்க்கிறமாதிரிப் பார்த்து, கிழக்கு பெர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து மேற்குக்கு மாறி… வந்த வழியை உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? பாதிப் பேர் அதே வழிதான். எங்களைக் கூட்டிவந்த ஏஜென்ட்டின் ஆள், சுற்றுலாக்காரர் என்றால் பையில் நினைவுப்பொருள் இருக்கவேண்டும் என்று கட்டளை போட்டு ஒரு சின்ன ஊரில் எங்களைக் கடைக்குள் விட்டார். நம் ஆட்களுக்கு உதவாத பொருளை வாங்கக் கை வருமா? ஒருவர் தெர்மோஸ் போத்தல். ஒருவர் பூட்டும் சங்கிலியும். இருவர் பங்கு போட்டு ஒரு போர்வை. ஒருவர் இறைச்சி அரைக்கிற மிசின் வாங்கினார், விமான நிலையத்தில் அதனாலேயே பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார் என்று எழுதி, 'இறைச்சி மிசினோடு சுற்றுலா போன ஒரே தமிழன்' என்று முடித்திருந்தேன்.

சிரித்தீர்கள். எனக்குத் தெரியும். பாண் வாங்கப் பேக்கரி வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாதவர் தோளில் தட்டி "மிசின் எப்பிடி?" என்று கேட்டார். ஓல்னேயிலிருந்து ஒருவர் கடிதமே போட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு வாரம் நான் நிலத்தில் நடக்கவில்லை.

அந்த மூன்றாவது வாரம்தான் அந்தத் தங்கச்சி வந்து நின்றார்.

கடையில் பேசமுடியாது என்று கஃபேக்குக் கூட்டிப் போனேன். தேநீர் சொன்னேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மூக்குக் கண்ணாடி, நெற்றியில் திருநீற்றின் மூன்று குறி, மேல் பட்டன் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை.

"இவர் உங்கட கூட்டத்திலை வந்தவரோ?"

மாஸ்டர்! கரவெட்டிப் பக்கத்துக் கணக்கு மாஸ்டர். மூன்று வருடமாகக் காணாத முகம்.

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு ஓமில் அவர் முகம் மாறியதை எழுத எனக்குத் தமிழ் போதாது. கண்ணை மூடித் திறந்தார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நான் இடையில் புகுந்திருக்கவேண்டும். புகவில்லை.

அவர் சொன்னது இது.

எங்கள் கூட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவர்தான். அவர் கொழும்பில் இறங்கி ஒரு லொட்ஜில் இரண்டு இரவு தங்கினார். மூன்றாம் நாள் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ் ஊருக்கு வரவில்லை. அதில் ஏறியவர்களில் ஒருவரும் வீடு சேரவில்லை. அந்த வருடத்துப் பேப்பர்களைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

மாஸ்டரின் தகப்பன் மகனைத் தேடிக் கொழும்புக்குப் போய் அந்த லொட்ஜைக் கண்டுபிடித்தார். பெயரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. எங்கள் பாஸ்போட்டுகளில் இருந்த பெயர் ஒன்றும் எங்கள் பெயர் இல்லை. லொட்ஜ்காரருக்கு முகமும் சரியாக ஞாபகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது.

"இறைச்சி அரைக்கிற மிசின் ஒண்டு கொண்டுவந்தவர் எண்டு சொன்னவராம். ரஷ்யாவிலையிருந்து வேற ஒண்டுமில்லை, அது மட்டும்தானாம். அப்பவே மாமாவுக்குச் சொல்லிப்போட்டன், அப்ப அது உங்கட மோன் இல்லை எண்டு. மாமா நம்பேல்லை. அழுதுகொண்டே இருந்தவர். நான் அழேல்லை அண்ணை. மூண்டு வருசம். ஒரு நாள் அழேல்லை."

மாமியார் வீட்டில் திவசம் செய்யவேண்டும் என்றார்களாம். இவர் விடவில்லை. இழவு கேட்டதற்குத் தலை முழுகச் சொன்னார்களாம், முழுகவில்லை. பொட்டை அழிக்கச் சொன்னார்களாம். அழிக்கவில்லை. நகையை விற்று, ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு, போன வருடம் தமையனிடம் சார்செல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில், அப்பா ஜெர்மனியில் இருக்கிறார் என்று பிரெஞ்சில் சொல்கிறாளாம்.

"உங்கட பேப்பரைச் சாமான் சுத்தித் தந்தவங்கள். அண்ணாதான் வாசிச்சுச் சிரிச்சவர். நான் பறிச்சு வாசிச்சன். அப்ப நான் சொன்னது சரிதானே? மிசின் வாங்கினது வேற ஆள். திருப்பி அனுப்பினது அந்த ஆளை. இவர் உங்களோடை கடந்தவர்."

சனிக்கிழமை காலை ஜெர்மனிக்குப் போகிற பஸ்ஸில் இடம் பிடித்திருக்கிறார். அங்கே அகதிகளை வைத்திருக்கிற ஹோம்கள் ஒவ்வொன்றாகப் படத்தைக் காட்டிக் கேட்கப் போகிறாராம். கையில் இருப்பது தற்காலிக விசா. எல்லை தாண்டப் பிடிபட்டால் அகதிக் கேஸ் அதோடு போய்விடும். தெரியாதா அவருக்கு? தெரியும்.

"பிடிபட்டால் பிடிபடட்டும். பிள்ளையை அண்ணா பாப்பார்" என்றார். அதற்குப் பிறகுதான் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வி. "நீங்கள் எழுதின ஆள் வேற ஆள்தானே?"

வாசகர்களே, அந்த மிசினை வாங்கியது நான்.

ஆம், நான்தான். என்னை நானே கேலி செய்து எழுத மனம் வராமல், 'ஒருவர்' என்று எழுதினேன். திருப்பி அனுப்பப்பட்டவர் கையில் மிசின் இருந்தது உண்மை. வாங்கியது அவர் என்று எழுதினால் கதை கோணாமல் நேராகப் போகிறது, சிரிப்பும் வருகிறது. ஒரு திருத்தம்தானே… யாருக்கு நட்டம்? மாஸ்டர் ஊருக்குத் திரும்பிப் போய்க் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் மூன்று வருடமாக நான் நினைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தேனா? இல்லை. அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

உண்மையில் நடந்ததை இப்போது எழுதுகிறேன். சிரிப்பதற்கு இதில் கொஞ்சம் இருக்கிறது. இருந்தாலும் சிரிக்காதீர்கள்.

மொஸ்கோவிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஊரின் பெயர் வாய்க்குள் நுழையாது. எங்கே பார்த்தாலும் பனி, பனிக்கு மேலே வெங்காயம் வெங்காயமாகக் கோயில் கோபுரங்கள். ஒரே வீதி. வீதியின் நடுவில் இரண்டு மாடிக் கடை. கீழே வீட்டுச் சாமான், மேலே நினைவுப்பொருள். எங்களைக் கூட்டிவந்த ஏஜென்ட்டின் ஆளை நாங்கள் கோட்டுக்காரர் என்போம். எங்களில் சரியான கோட்டுப் போட்டிருந்தது அவர் மட்டும்தான். ஆளுக்குக் கொஞ்சம் ரூபிளைக் கொடுத்துச் சொன்னார்:

"மேல் மாடிக்குப் போங்கோ. பொம்மை இருக்கு, கரண்டி இருக்கு, பெட்டி இருக்கு. எதையெண்டாலும் வாங்குங்கோ. சிரிச்சுக்கொண்டு வாங்குங்கோ. செத்த வீட்டுக்குச் சாமான் வாங்கிற முகத்தோடை நிக்காதேங்கோ."

சிரித்துக்கொண்டு ஏறினோம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மரப்பொம்மைகள், தங்கக் கோடு போட்ட கரண்டிகள், மினுங்குகிற கறுப்புப் பெட்டிகள். அழகுதான். ஆனால் வீட்டை அடகு வைத்துப் புறப்பட்ட பதினொரு பேர் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "உள்ளுக்கை என்ன வைக்கலாம்?" என்று ஒருவர். "மிளகு வைக்கலாம்" என்று இன்னொருவர். "கரண்டி சூட்டுக்குத் தாங்காது" என்று மூன்றாமவர். பத்து நிமிடத்தில் மேல் மாடி காலி. எல்லோரும் கீழே வீட்டுச் சாமான் பகுதியில்!

மாஸ்டர் மட்டும் மேலே நின்றார். நாங்கள் இறங்கும்போது எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சுற்றுலாக்காரன் ஆர் தெரியுமோ? தனக்குத் தேவையில்லாததை வாங்கிப்போட்டுச் சந்தோசப்படுறவன். உங்களிலை ஒருத்தரும் தேறமாட்டியள்."

நான் கீழேதான் இருந்தேன். அங்கே கண்டேன் அதை. வார்ப்பிரும்பு. கைபிடி, திருகு, மேசையில் பொருத்துகிற கொழுவி, ஓட்டைத் தட்டு. ஒரு கைக்குழந்தையின் பாரம். இறைச்சி அரைக்கிறதாம். எனக்கு அதில் இறைச்சியா தெரிந்தது? தேங்காய்ச் சம்பல் தெரிந்தது. பாரிசில் அம்மிக்கு எங்கே போவது? ஒரு அறை எடுத்து, ஒரு மேசை வாங்கி, அதில் இதைப் பூட்டி, செத்தல் மிளகாயும் தேங்காயும் போட்டுச் சுற்றினால்… கண்ணுக்கு முன்னால் முழுக் குடித்தனமே வந்து நின்றது.

அந்தக் கடையில் பொருளை எடுத்துக்கொண்டு நேரே காசு கொடுக்க முடியாது. ஒரு வரிசையில் நின்று பொருளைக் காட்டித் துண்டு வாங்கவேண்டும். இன்னொரு வரிசையில் காசைக் கட்டவேண்டும். திரும்ப முதல் வரிசைக்கு வந்து பொருளை வாங்கவேண்டும். காசு வாங்குகிற அம்மா கம்பியில் கோர்த்த மரமணிகளைத் தள்ளித் தள்ளிக் கூட்டினார். எனக்கு முன்னால் மாஸ்டர். மனக்கணக்கில் கூட்டி, அந்த அம்மா கடைசி மணியைத் தள்ளுவதற்கு முன்பே விரலால் விடையைக் காட்டினார். அந்த அம்மா பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்து நீட்டினார். அதையும் மாஸ்டர் சொன்னார். வரிசையே சிரித்தது. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத இருவர் கூட்டல் கணக்கால் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டதை அன்றைக்குப் பார்த்தேன்.

மாஸ்டர் வாங்கியது ஒரு சால்வை. கறுப்புக் கம்பளி, பெரிய சிவப்புப் பூக்கள், சுற்றிவரக் குஞ்சம். விற்கிற பெண் தன் தலையில் கட்டிக் காட்டினார். அளவு போதுமா என்று சைகையில் கேட்டதற்கு மாஸ்டர் இரண்டு கையையும் காற்றில் விரித்து, ஒரு பெண்ணின் தோள் அகலத்தைப் பிடித்துக் காட்டினார். நிற்கிற இடத்தில் இல்லாத ஒருத்தியை. அவரைக் கூப்பிட மேலே ஏறிப்போன நாங்கள் கேலி பண்ணினோம். மாஸ்டருக்குக் காது சிவந்தது.

மறுநாள் காலை, கிழக்கு பெர்லினுக்குப் பறக்கிற நாள். கோட்டுக்காரர் ஹோட்டல் அறையில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார். தெர்மோஸ். பூட்டு. போர்வை. தலையில் கை வைத்துக்கொண்டார். என் பைக்கு வந்தார்.

"உதென்ன?"

"மிசின்."

"உன்ரை முகத்தைப் பார்த்தாலே கூலி வேலைக்குப் போற ஆள் எண்டு எழுதி ஒட்டியிருக்கு. அதுக்குமேலை இரும்பும் காவிக்கொண்டு போறாய். உன்னாலை பதினொரு பேரும் போகப்போறம். எறி உதை!"

எறிந்திருக்கலாம். அந்த அறையில் ஒரு குப்பைக் கூடை இருந்தது. கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கலாம். என்னால் முடியவில்லை. வீட்டை விட்டேன், பிள்ளைகளை விட்டேன், பெயரை விட்டேன் — ஒரு இரும்பை விட முடியவில்லை! இதற்கு நான் காரணம் சொல்லப்போவதில்லை. மூன்று வருடமாக எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றும் சரிவரவில்லை.

மாஸ்டர்தான் நடுவில் வந்தார்.

"சத்தம் போடாதேங்கோ. என்னட்டைத் தாரும். எனக்குக் கண்ணாடி இருக்கு, இங்கிலீஸ் இருக்கு. என்னைப் பார்த்தால் ஒருத்தரும் கூலி எண்டு சொல்லமாட்டான். நீர் இந்தச் சால்வையைக் கொண்டுபோம். பெர்லினிலை மாத்துவம்." பிறகு என் காதுக்குள், "கவனம் ஐசே. அது வீட்டுக்காரிக்கு."

மிசினைக் கையில் வாங்குமுன் பொக்கற்றிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்தார். கைபிடியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தத் துணிக்கு மேலால் பிடித்துத் தூக்கினார். "புதுசுதானே, இன்னும் ஒண்டும் படேல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விமான நிலையத்தில் நான் முன்னால், மாஸ்டர் பின்னால். சோதிக்கிறவர் என் பையில் கை விட்டார். சால்வையை வெளியே இழுத்தார். விரல்களால் கம்பளியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். நல்ல சாமான் என்கிற தலையாட்டல். போகச் சொன்னார்.

நான் போனேன். எனக்குப் பின்னால் இரும்பு மேசையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. டக். திருகு. டக். தட்டு. டக். கத்தி. பிறகு மாஸ்டரின் இங்கிலீஸ். எதற்கு இது என்று கேட்கிறார்கள். தேங்காய் அரைக்க என்கிறார். இது இறைச்சி அரைப்பதல்லவா, நீர் இறைச்சி அரைப்பீரா என்று கேட்கிறார்கள். ஆம் என்று சொல்லவேண்டியதுதானே? சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே?

"நோ சேர். ஐ ஆம் எ வெஜிடேரியன்."

வெஜிடேரியன், இறைச்சி மிசினோடு ஊர் பார்க்க வந்திருக்கிறார். யார் நம்புவார்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நானே நம்பமாட்டேன். இன்னொரு ஆளைக் கூப்பிடுகிற சத்தம். பாஸ்போட்டை வாங்குகிற சத்தம். ஆர் வாங்கியது, ஆர் தந்தது என்று கேட்கிறார்கள். மாஸ்டர் கையை நீட்டி என் முதுகைக் காட்டியிருக்கலாம். பத்தடிதான்.

காட்டவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாக்கியையும் சொல்லிவிடவேண்டும். மேற்கு பெர்லினில் இறங்கியதும் கோட்டுக்காரர் அடுத்த கட்டளையைப் போட்டார்: ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த எதுவும் கையில் இருக்கக்கூடாது. வந்த வழி தெரிந்தால் வந்த வழியே அனுப்புவார்கள். தெர்மோஸ், பூட்டு, போர்வை எல்லாம் ஸ்டேஷனில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் போயின. சிரித்துக்கொண்டு வாங்கியவற்றை ஓடிக்கொண்டே எறிந்தோம். இரும்பை எறியமாட்டேன் என்று நின்ற அதே மனுசன், ஒருத்தர் வீட்டுக்காரிக்கு வாங்கிய சால்வையை ஒரு சொல்லும் சொல்லாமல் தொட்டிக்குள் போட்டேன். குஞ்சம் வெளியே தொங்கியது. அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனேன்.

இதுதான் நடந்தது. இனிக் கஃபேக்கு வருவோம்.

ஓம் என்று ஒரு சொல். அது அவருக்குப் போதும். அந்தச் சொல்லோடு சனிக்கிழமை பஸ் ஏறுவார். படத்தைக் காட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைவார். எந்த எல்லையிலோ பிடிபடுவார். பிள்ளை இங்கே. அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால்? மூன்று வருடம் அழாமல் இருந்த ஒரு பெண்ணை நான் என்ன செய்யப்போகிறேன்?

சொன்னேன். மேசையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் விடாமல், இப்போது உங்களுக்குச் சொன்ன அதே ஒழுங்கில் சொன்னேன்.

"இல்லை" என்றார்.

"ஓம் தங்கச்சி."

"இல்லை அண்ணை. நீங்கள் ஆளை மாறிச் சொல்லுறியள். அவர் அதைத் தொடமாட்டார். வாங்கினது நீங்களாயிருக்கலாம். பிடிச்சது வேற ஆள். பதினொரு பேர் வந்தனீங்கள்தானே? வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

"லேஞ்சியாலை சுத்தித்தான் தங்கச்சி பிடிச்சவர்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ? எனக்குத் தெரியவில்லை. மேலே ஒரு மெட்ரோ வந்து போனது. மேசையில் கரண்டி நடுங்கியது. அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். பார்த்தபடியே இருக்க, முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

"எத்தினை சுத்து?"

"ரெண்டு."

"பக்கத்து வீட்டிலை கத்தி இரவல் வாங்கினாலும் அப்பிடித்தான்" என்றார். மெதுவாகச் சொன்னார். "அவையள் மீன் வெட்டினதாயிருக்கும் எண்டு. ரெண்டு சுத்து. நான் சிரிக்கிறனான்."

தேநீர் ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்கவில்லை அவருக்கு.

"சால்வை என்ன நிறம்?"

"கறுப்பு. பெரிய சிவப்புப் பூ."

"எனக்குக் கறுப்புப் பிடியாதெண்டு தெரியாதோ அவருக்கு?" கோபமாகவே கேட்டார், நான்தான் மாஸ்டர் என்பதுபோல. "கலியாணம் கட்டி நாலு வருசம் ஒண்டா இருந்தம். ஒரு கறுப்புத் துணி உடுத்தினனானோ? கடையிலை அவ்வளவு நேரம் நிண்டு… வேற நிறமே இருக்கேல்லையோ அங்கை?"

"இருந்தது தங்கச்சி. பச்சை இருந்தது. நீலம் இருந்தது."

"பின்னை?"

"வெள்ளைச் சனத்துக்குள்ளை உங்களுக்குக் கறுப்புத்தான் எடுப்பா இருக்கும் எண்டு சொன்னவர்."

இது பொய்யில்லை. கேலி பண்ணிய எங்களிடம் மாஸ்டர் சொன்ன பதில் அதுதான். எழுதினால் இன்னும் சிரிப்பீர்கள் என்று நினைத்துவைத்திருந்து, இடம் போதாமல் அந்த வாரம் வெட்டிவிட்ட வரி.

அவர் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நீங்கள் ஏன் திரும்பிப் பார்க்கேல்லை?" என்று ஒரு கேள்வி வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதுவும் வரவில்லை.

பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் பொறுக்கிக்கொள்வான். அதைக் கொஞ்சம் துடைத்து, கொஞ்சம் வளைத்து, பளபளவென்று உங்களுக்குத் தருவான். நான் பொறுக்கியதில் ஒருவரின் புருஷன் இருந்தார். வளைத்ததில் அவர் இன்னொரு ஆளாகிவிட்டார். மூன்று வாரம் அவர் மனைவிக்கு உயிரோடு இருந்தார், என் எழுத்தில். இப்படி ஒரு சிரிப்பை உங்களுக்குத் தந்தேனே!

ஆகையால் திருத்தம்: வாங்கியவன் நான். சுமந்தவர் மாஸ்டர்.

"இஞ்சை குழாய் எங்கை அண்ணை கிடக்கு?" என்று கேட்டார் அந்தத் தங்கச்சி.

கீழ்த்தளத்துக்கு இறங்குகிற படியைக் காட்டினேன். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் போனார். வெயிட்டர் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனான். நேரமானது. போய்ப் பார்க்கவும் பயம், இருக்கவும் பயம்.

படியேறி வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. அந்தப் பெப்ரவரிக் குளிரில், தலையிலிருந்து தண்ணீர் தோள் வழியே வடிந்து படியெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது. குழாயின் கீழே தலையைக் கொடுத்து, முழுகிவிட்டு வந்திருந்தார்.